வெள்ளம் புகுந்ததா என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதலாமா?

கடிதத்தின் சுருக்கம்

ஜார்ஜ்டவுனில், சுங்கை பினாங்கு ஆற்றுக்குப் பக்கத்தில் ஒரு கடைவீட்டில் மசாலா அரவைத் தொழில் நடத்தும் 52 வயது வாசகி எழுதியிருக்கிறார். நாசி கண்டார் கடைகளுக்கும் மளிகைக் கடைகளுக்கும் மிளகாய்த்தூள், மல்லித்தூள், மீன் கறி மசாலா அரைத்துக் கொடுக்கிறார். கணவர் 2020இல் காலமாகிவிட்டார். கடைவீட்டுக் கடனில் இன்னும் பதினோரு ஆண்டுத் தவணை பாக்கி. அதே வங்கியில் 80,000 ரிங்கிட் ஓவர்டிராஃப்ட். கணவர் விட்டுச்சென்ற பணத்தில் 180,000 ரிங்கிட் வைப்புத்தொகையும் அங்கேதான். 2017 நவம்பர் 4ஆம் தேதி இரவு தொடங்கிப் பினாங்கையே முடக்கிய வெள்ளத்தில், கடைக்குள் இரண்டரை அடித் தண்ணீர் நின்றது. அரவை இயந்திரத்தின் மோட்டாரும் ஐம்பது மூட்டைச் சரக்கும் வீணாயின.

இவ்வாண்டு ஓவர்டிராஃப்டைப் புதுப்பிக்கப் போனபோது வங்கி அதிகாரி நான்கு பக்கப் படிவம் ஒன்றைக் கொடுத்திருக்கிறார். வளாகத்தில் இதற்கு முன் வெள்ளம் புகுந்ததா, மாத மின்கட்டணம் எவ்வளவு, வேன் எந்த எரிபொருளில் ஓடுகிறது, கழிவை எப்படி அகற்றுகிறீர்கள், பருவநிலை மாற்றத்தைச் சமாளிக்க என்ன செய்திருக்கிறீர்கள் என்றெல்லாம் கேள்விகள். அதே வாரத்தில் காப்புறுதி நிறுவனத்தின் புதுப்பிப்புக் கடிதமும் வந்திருக்கிறது; வெள்ளப் பாதுகாப்புக்கான பிரீமியம் ஏறியிருக்கிறது. மருமகன் சொன்னது இது: "பேங்க் நெகாரா (மலேசியாவின் மத்திய வங்கி) எல்லா வங்கிகளுக்கும் வெள்ளப் பரீட்சை வைக்கிறது. வெள்ளப் பகுதியில் இருப்பவர்களைக் கறுப்புப் பட்டியலில் சேர்த்துக் கடனைத் திருப்பிக் கேட்பார்கள். 'இல்லை' என்று எழுதிவிடுங்கள்."

அவர் கேட்பவை: பொய் எழுதினால் என்ன ஆகும்? உண்மையை எழுதினால் கடன் போய்விடுமா? வங்கி அந்தப் பரீட்சையில் தோற்றால் என் வைப்புத்தொகை என்ன ஆகும், இப்போதே எடுத்துவிடலாமா? வங்கிக்காக எடுத்த தீக்காப்புறுதியும் எம்ஆர்டிஏ என்ற வீட்டுக்கடன் காப்புறுதியும் இருக்கும்போது வெள்ளத்துக்கென்று தனியாகப் பணம் கட்டவேண்டுமா? படிவம் எதுவும் கேட்காமல் கடன் தர ஒருவர் தயாராக இருக்கிறார், அவரிடம் போகலாமா?

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

கடிதத்தோடு நீங்கள் வைத்திருந்த புகைப்படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். சுவரில் நீல மையில் ஒரு கோடு. பக்கத்தில் உங்கள் கணவரின் கையெழுத்தில் 5.11.2017 என்ற தேதி. அந்தக் கோட்டைவிட அரை அடி உயரமாக ஒரு சிமென்ட் மேடை, அதன்மேல் இயந்திரம். மின்சாரப் பெட்டி தலைக்கு மேலே ஏறியிருக்கிறது. "வங்கியிலிருந்து யாராவது வந்து பார்ப்பதற்குள் அந்தக் கோட்டை அழித்துவிடட்டுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், அழிக்காதீர்கள். உங்கள் கையில் இருக்கும் ஆதாரங்களில் மிக வலுவானது அந்தக் கோடும் அந்த மேடையும்தான். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

முதலில் அவசரமான விஷயம். படிவம் கேட்காமல் கடன் தருவதாகச் சொல்பவரிடம் போகாதீர்கள். உரிமம் பெற்றவராக இருந்தால் 1951ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டப்படி, அடமானக் கடனுக்கு ஆண்டுக்கு 12 விழுக்காட்டுக்கும் அடமானமில்லாத கடனுக்கு 18 விழுக்காட்டுக்கும் மேல் அவர் வட்டி வாங்க முடியாது. எழுத்துபூர்வமான ஒப்பந்தமும் வேண்டும். ஒன்றும் கேட்கமாட்டேன், கையெழுத்து மட்டும் போதும் என்கிறவர் பெரும்பாலும் ஆலோங்தான், அதாவது உரிமமில்லாத வட்டிக்காரர். வெள்ளம் வடிந்துவிடும், ஆலோங் கதவை விட்டு நகரமாட்டார். இந்தத் தொழிலில் இத்தனை ஆண்டுகளில் நான் பார்த்த மிகப் பெரிய நாசங்கள் அந்தக் கதவு வழியாகத்தான் நுழைந்தன. இன்றே அவரிடம் "வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

பரீட்சை உங்களுக்கா, வங்கிக்கா?

மருமகன் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது. பேங்க் நெகாரா வங்கிகளிடமும் காப்புறுதி, தக்காஃபுல் (இஸ்லாமியக் காப்புறுதி) நிறுவனங்களிடமும் இந்தக் கேள்விகளைக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ஏன் கேட்கிறது, எதை அளக்கிறது என்பதில் அவர் தடம் மாறிவிட்டார்.

2015 செப்டம்பரில், லண்டனில் காப்புறுதித் துறையினர் கூடிய அவையில், இங்கிலாந்து வங்கியின் அன்றைய ஆளுநர் மார்க் கார்னி ஓர் உரை நிகழ்த்தினார். பருவநிலை மாற்றம் மூன்று வழிகளில் நிதித்துறைக்குள் நுழையும் என்றார். வெள்ளம், புயல், வறட்சி ஆகியவை நேரடியாகச் செய்யும் சேதம் ஒன்று. நாடுகள் கரிம வெளியேற்றத்தைக் குறைக்கச் சட்டங்களையும் வரிகளையும் மாற்றும்போது தொழில்களுக்கு வரும் அடி இரண்டாவது. பாதிக்கப்பட்டவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குப் போடுவது மூன்றாவது. 2017 டிசம்பரில் மத்திய வங்கிகளும் மேற்பார்வை அமைப்புகளும் பாரிசில் ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. நம் பேங்க் நெகாராவும் இன்று அதில் உறுப்பினர். உலகம் எந்தெந்த வழியில் போகக்கூடும் என்று அந்தக் கூட்டமைப்பு வரைந்து தரும் எதிர்காலச் சித்திரங்களைத்தான் பல நாட்டு மத்திய வங்கிகள் தங்கள் சோதனைகளுக்கு எடுத்துக்கொள்கின்றன.

நம் நாட்டில் இது படிப்படியாக வந்தது. எந்தக் கடன் எந்த வகைத் தொழிலுக்குப் போகிறது என்று வகைப்படுத்தும் வழிகாட்டியை பேங்க் நெகாரா 2021 ஏப்ரலில் வெளியிட்டது. பருவநிலை அபாயத்தை நிர்வாகக் குழு முதற்கொண்டு எப்படிக் கையாள வேண்டும் என்ற கொள்கை ஆவணம் 2022 நவம்பரில் வந்தது. மருமகன் 'பரீட்சை' என்று சொன்ன தாங்குதிறன் சோதனையை எப்படி நடத்துவது என்ற செய்முறை 2024 பிப்ரவரியில் வெளியானது. அதில் 2050 வரை நீளும் மூன்று சித்திரங்கள் இருக்கின்றன. உலகம் ஒழுங்காகத் திட்டமிட்டுக் கரிம வெளியேற்றத்தை நிகர பூஜ்யமாக்குவது முதலாவது. ஒவ்வொரு துறையும் வெவ்வேறு வேகத்தில் தள்ளாடித் தள்ளாடி அதே இடத்துக்குப் போவது இரண்டாவது. நாடுகள் இதுவரை கொடுத்த வாக்குறுதிகளோடு நின்றுவிட, வெப்பம் ஏறிக்கொண்டே போவது மூன்றாவது. இவை தவிர, 200 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய அளவு கடுமையான வெள்ளம் ஒன்று திடீரென்று வந்தால் என்ன ஆகும் என்றும் கணக்கிடச் சொல்கிறார்கள்.

இந்த '200 ஆண்டுக்கு ஒருமுறை' என்ற சொல்லால் ஏமாந்துவிடாதீர்கள். ஒருமுறை வந்துவிட்டால் இனி 200 ஆண்டுக்குக் கவலையில்லை என்று அதற்குப் பொருளில்லை. எந்த ஓர் ஆண்டை எடுத்தாலும் அது வருவதற்கான வாய்ப்பு 200இல் ஒன்று என்பதே பொருள். முப்பது ஆண்டு வீட்டுக்கடன் ஒன்றின் காலத்தில் குறைந்தது ஒருமுறையாவது அது வருவதற்கான வாய்ப்பு ஏறத்தாழ 14 விழுக்காடு. பெரிதுபடுத்திச் சொல்லவில்லை, கணக்குப் போட்டால் வருவது அதுதான்.

இப்போது வங்கியின் மேசைக்குப் போவோம். வங்கி தன் கடன் கோப்புகளை எடுத்து, அடமானச் சொத்துகளின் இருப்பிடத்தை வெள்ள வரைபடத்தின்மேல் வைத்துப் பார்க்கிறது. பிறகு ஒவ்வொரு கடன் தொகுப்புக்கும் இரண்டு கேள்விகள்: தண்ணீர் வந்தால் கடன்காரர் தவணை தவறும் வாய்ப்பு எவ்வளவு கூடும்? தவறினால், சொத்தை விற்று எவ்வளவு தேறும்? உங்கள் கடையையே எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று வாரம் அரவை நின்றால் வருமானம் இல்லை, தவணை தடுமாறும். அதே நேரம் அந்தத் தெருவிலுள்ள எல்லாக் கடைவீடுகளின் விலையும் இறங்கும். வங்கியின் அச்சம் இந்த 'அதே நேரம்' என்பதில் இருக்கிறது. ஒரு கடன்காரருக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வங்கி தாங்கும். ஒரே இரவில் ஒரு வட்டாரமே மூழ்கினால்? 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நடந்தது அதுதான். அந்தப் பருவத்து வெள்ளங்களால் நாடு முழுவதும் ஏற்பட்ட இழப்பு 6.1 பில்லியன் ரிங்கிட் என்று புள்ளிவிவரத் துறை கணக்கிட்டது. அப்படி ஒரு நாள் வந்தால் வங்கியின் மூலதனம் தாங்குமா என்பதே மேற்பார்வையாளர் கேட்கும் கேள்வி. உங்கள் பெயரோ என் பெயரோ அந்தக் கேள்வியில் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்தச் சோதனையில் தேர்ச்சி, தோல்வி என்ற முடிவு கிடையாது. 2024இல் தொடங்கிய சுற்றை, வங்கிகள் பழகிக்கொள்வதற்கான பயிற்சியாகத்தான் பேங்க் நெகாரா வகுத்தது. அதன் முடிவை வைத்துக் கூடுதல் மூலதனம் கேட்கப்போவதில்லை என்றும் முன்கூட்டியே சொல்லிவிட்டது.

கறுப்புப் பட்டியல் பற்றி

மருமகன் குறிப்பிட்ட பட்டியல், 2021ஆம் ஆண்டு வழிகாட்டியிலிருந்து வந்திருக்க வேண்டும். அதில் சி1 முதல் சி5 வரை வகைகள் உண்டு. கடைசிப் படிகள் கண்காணிப்பில் வைக்கவேண்டியவை. ஆனால் வகைப்படுத்தும்போது பார்ப்பது என்ன? அந்தத் தொழில் கரிமத்தைக் குறைக்க உதவுகிறதா, மாறிவரும் பருவநிலைக்கு ஏற்பத் தன்னைத் தற்காத்துக்கொள்கிறதா, சுற்றுச்சூழலுக்குப் பெரிய கேடு செய்கிறதா, கேடு இருந்தால் சரிசெய்ய முயற்சி எடுக்கிறதா, சட்டத்துக்குப் புறம்பான தொழிலா. வெள்ளம் வரும் தெருவில் இருப்பது ஒரு குற்றமாக அதில் எங்கும் இல்லை. கண்காணிப்புப் படியில் இருப்பவருக்கும் கடன் கொடுக்கக்கூடாது என்ற தடையும் இல்லை. திருந்தும் வழியை அவரோடு பேசு என்பதே அதன் நோக்கம்.

இரண்டாவது அளவுகோலைத் திரும்பப் படியுங்கள்: பருவநிலைக்கு ஏற்பத் தற்காத்துக்கொள்வது. 2019இல் உங்கள் கணவர் கொத்தனாரை வைத்துக் கட்டிய அந்த மூன்றடி மேடை, தலைக்கு மேல் ஏற்றிய மின்சாரப் பெட்டி, மாடிக்கு மாற்றிய மூட்டைகள் எல்லாம் அதில்தான் சேரும். கொத்தனார் கொடுத்த ரசீதைப் பிஸ்கட் டின்னில் பத்திரமாக வைத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதை எடுத்து நகலெடுங்கள். பெரிய நிறுவனங்கள் ஆலோசகர்களை வைத்து எழுதிக்கொள்ளும் விஷயத்தை, ஓர் எளிய மனிதர் தன் கையால் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

மின்கட்டணமும் டீசலும் எதற்கு என்று கேட்கிறீர்கள். கார்னி சொன்ன இரண்டாவது வழி அது. 2024 ஜூன் 10ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறியது நினைவிருக்கும். உதவித்தொகைச் சீர்திருத்தமாக வந்த முடிவு அது, பருவநிலைக்காக எடுத்ததல்ல. ஆனால் ஓர் அரசாணையால் ஒரே இரவில் செலவுக் கணக்கு மாறுவது எப்படி இருக்கும் என்பதை வேன் வைத்திருக்கும் எல்லோரும் அன்று பார்த்துவிட்டோம். கரிம வரி என்று ஒன்று வந்தால் யார் யார் தடுமாறுவார்கள் என்று வங்கி அறிய விரும்புகிறது. உங்களைப் போன்ற சிறு அரவைக் கடைக்கு இதில் பெரிய ஆபத்து இல்லை. உள்ளதை எழுதுங்கள், போதும்.

'இல்லை' என்று எழுதினால்

உங்களுக்கு உண்மையிலேயே கெடுதல் வரக்கூடிய ஒரே இடம் இதுதான். கடன் ஒப்பந்தங்களில் வழக்கமாக ஒரு விதி இருக்கும்: கடன்காரர் பொய்த் தகவல் தந்தால் அதுவே ஒப்பந்த மீறல். உங்கள் ஒப்பந்தத்திலும் அது இருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் இருக்கும். ஓவர்டிராஃப்ட் பொதுவாகக் கேட்டவுடன் திருப்பிக் கட்டவேண்டிய கடன் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உண்மையை எழுதியவரிடம் வங்கி பேசித் தீர்க்கப் பார்க்கும். பொய் எழுதியவரிடம் பேசவேண்டிய தேவையே அதற்கு இல்லாமல் போய்விடும். பொய் வெளிப்படாமலும் இருக்காது. 2017இல் அந்த வட்டாரம் மூழ்கியது ஊரறிந்த செய்தி. சொத்து மதிப்பீட்டாளர் வருவார், சுவரைப் பார்ப்பார்.

காப்புறுதியில் இது இன்னும் கடுமை. 2013ஆம் ஆண்டு நிதிச் சேவைகள் சட்டத்தின் ஒன்பதாம் அட்டவணை, சொந்தத் தேவைக்குக் காப்புறுதி எடுப்பவரையும் தொழிலுக்காக எடுப்பவரையும் தனித்தனியாக வைத்திருக்கிறது. வீட்டுக்கு எடுக்கும்போது, கேட்ட கேள்விக்குப் பொறுப்போடு உண்மை சொன்னால் போதும். தொழிலுக்கு எடுக்கும்போது, நிறுவனத்தின் முடிவைப் பாதிக்கும் என்று நீங்கள் அறிந்த விஷயத்தைக் கேட்காவிட்டாலும் சொல்லும் கடமை இருக்கிறது. உங்கள் அரவைக் கடை இரண்டாவது வகை. புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் அந்தக் கடமை திரும்ப வரும். வெள்ளம் புகுந்ததை மறைத்துவிட்டு ஐந்து ஆண்டு பிரீமியம் கட்டிய பிறகு தண்ணீர் வந்தால், பாலிசியே செல்லாது என்று நிறுவனம் சொல்ல நீங்களே வழி செய்து கொடுத்ததாகிவிடும்.

கேள்வி கேட்காத வேறு வங்கிக்கு மாறலாம் என்றும் மருமகன் சொல்லியிருக்கிறார். பேங்க் நெகாராவின் உரிமத்தில் இயங்கும் எல்லா வங்கிகளுக்கும் அதே கொள்கை ஆவணம்தான். புதிய வங்கியும் கேட்கும். கூடவே வழக்கறிஞர் கட்டணம், மதிப்பீட்டுக் கட்டணம், புதிய கடன் தொகையில் 0.5 விழுக்காடு முத்திரைத் தீர்வை எல்லாம் உங்கள் செலவு.

வெள்ளப் பாதுகாப்பை விடாதீர்கள்

உங்கள் கேள்விகளில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது இதுதான். 2017 வெள்ளத்துக்குப் பிறகு என் அலுவலகத்துக்கு ஒரு பெரியவர் பாலிசியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். பை நனையவில்லை. பல ஆண்டுகளாகப் பிரீமியம் கட்டியவர். பிரித்துப் பார்த்தால் அடிப்படைத் தீக்காப்புறுதி. தீ, மின்னல், வீட்டு உபயோக எரிவாயு வெடிப்பு, அவ்வளவுதான். வெள்ளம் என்ற சொல்லே அதில் இல்லை. அவரிடம் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உங்கள் தீக்காப்புறுதியும் அந்த வகைதான். நீங்கள் இப்போது நிறுத்த நினைக்கும் கூடுதல் பிரீமியம்தான் அதில் வெள்ளத்தைச் சேர்த்து வைத்திருக்கிறது. எம்ஆர்டிஏ என்பது கடன்காரர் இறந்தாலோ நிரந்தரமாக முற்றிலும் செயலிழந்தாலோ கடனை அடைப்பதற்கு. கடைக்குள் தண்ணீர் வந்தால் அதிலிருந்து ஒரு சென் கூட வராது. கூடுதல் பிரீமியத்தை நிறுத்தினால் உங்கள் கடையில் வெள்ளத்துக்கு எதிராக மிஞ்சுவது அந்த மேடை மட்டும்தான். வேனுக்கும் இதே கதை. முழுக் காப்புறுதி எடுத்திருந்தாலும் வெள்ளச் சேதத்துக்குத் தனியாகப் பணம் கட்டிச் சேர்த்திருக்க வேண்டும். சேர்த்திருக்கிறீர்களா என்று பாருங்கள்.

பிரீமியம் ஏன் ஏறுகிறது? காப்புறுதி நிறுவனம் பெருவெள்ள இழப்பின் ஒரு பகுதியை காப்புறுதி நிறுவனங்களுக்கே காப்புறுதி தரும் வெளிநாட்டு மறுகாப்புறுதி நிறுவனங்களிடம் ஒப்படைக்கிறது. அந்த ஒப்பந்தம் பொதுவாக ஆண்டுதோறும் புதிதாகப் பேசப்படும். உலகின் ஏதோ ஒரு மூலையில் புயல் அடித்தாலும் அடுத்த ஆண்டு அங்கே விலை ஏறும், இங்கே உங்கள் கடிதத்தில் அது தெரியும். உங்கள் கடன் இன்னும் பதினோரு ஆண்டு. காப்புறுதி ஓராண்டு. வங்கி தன் கணக்கில் 'காப்புறுதி இருக்கிறது' என்று எழுதி நிம்மதி அடைகிறது. அந்தக் காப்புறுதி அடுத்த ஆண்டும் இதே விலையில் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. மேற்பார்வையாளர்கள் வங்கியையும் காப்புறுதியையும் சேர்த்துப் பார்ப்பதற்கு இந்த இடைவெளியும் ஒரு காரணம். இங்கிலாந்து வங்கி 2021இல் நடத்திய சோதனையின் முடிவு 2022 மே மாதம் வந்தது. உலகம் எதுவும் செய்யாமல் விட்டால், காப்புறுதி கிடைக்காமல் போவதும் விலை ஏறுவதுமாகச் சுமையின் ஒரு பகுதி கடைசியில் குடும்பங்கள்மீதும் தொழில்கள்மீதும் வந்து விழும் என்பதை அது காட்டியது. ஆகவே உங்கள் பயம் வீண் பயமல்ல. அது தவறான ஆள்மீது திரும்பியிருக்கிறது, அவ்வளவுதான்.

செலவைக் குறைக்கச் செய்யக்கூடியவை சில உண்டு. சேதத்தின் முதல் பகுதியை நீங்களே ஏற்றுக்கொள்வதாகச் சொல்லி, அந்தத் தொகையைச் சற்று உயர்த்தினால் பிரீமியம் இறங்கலாம். மேடையின் படத்தையும் ரசீதையும் முகவர் வழியாக நிறுவனத்துக்கு அனுப்பி, அபாயம் குறைந்திருப்பதைக் கணக்கில் எடுக்கச் சொல்லுங்கள். இன்னும் இரண்டு நிறுவனங்களிடம் விலை கேளுங்கள். ஆனால் காப்புறுதித் தொகையைக் குறைத்து மிச்சம் பிடிக்காதீர்கள். இயந்திரமும் சரக்கும் 120,000 ரிங்கிட் பெறும், நீங்கள் 60,000க்குத்தான் எடுத்திருக்கிறீர்கள், வெள்ளத்தில் 40,000 ரிங்கிட் போனது என்று வைத்துக்கொள்வோம். பாதி மதிப்புக்கு எடுத்ததால் கிடைப்பதும் பாதிதான்: 20,000. அதிலும் உங்கள் பங்கைக் கழிப்பார்கள். கட்டடம், இயந்திரம், சரக்கு, கடை மூடிக்கிடக்கும் நாட்களின் வருமான இழப்பு ஆகிய நான்கும் தனித்தனி. உங்கள் பாலிசியின் இரண்டு பக்க நகலில் கட்டடம் மட்டும்தான் எனக்குத் தெரிகிறது. வெள்ளத்தில் முதலில் அடிபடுவது கட்டடமல்ல, உள்ளே இருப்பவைதான். இதை முகவரிடம் உடனே கேளுங்கள்.

வைப்புத்தொகை

எடுக்கவேண்டாம். மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகமான பிஐடிஎம், உறுப்பு வங்கி ஒவ்வொன்றிலும் ஒருவருக்கு அசலும் வட்டியும் சேர்த்து 250,000 ரிங்கிட் வரை பாதுகாக்கிறது. விண்ணப்பம் வேண்டாம், கட்டணமும் இல்லை. உங்கள் தொகை அதற்குள் அடங்குகிறது. தவணைக் காலம் முடியுமுன் எடுத்தால் வட்டியை இழப்பீர்கள், அதே வங்கியில் கடன்காரராக இருக்கும் உங்கள் நிலையும் பலவீனப்படும்.

உண்மையை எழுதியும் வங்கி மறுத்தால்

நடக்காது என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது. யாருக்குக் கடன், எவ்வளவு வட்டி என்பது வங்கியின் வணிக முடிவு. 2025 ஜனவரியில் செயல்படத் தொடங்கிய நிதிச் சந்தைக் குறைதீர்ப்பாளர் அமைப்பும் அதில் தலையிடாது. ஆனால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தகவல் பிழை இருந்தால், உதாரணமாகப் பக்கத்துத் தெருவின் வெள்ள அளவை உங்கள் கடைக்குப் போட்டிருந்தால், வங்கியின் புகார்ப் பிரிவிடம் படத்தோடு முறையிடுங்கள். பிறகு பேங்க் நெகாராவின் வாடிக்கையாளர் சேவை மையம். காப்புறுதி இழப்பீட்டை மறுத்தால் மட்டும் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். நிறுவனத்தின் இறுதிப் பதில் வந்து ஆறு மாதத்துக்குள் போய்விட வேண்டும். தவணை கட்ட முடியாத நிலை வரும் என்று தோன்றினால், தவறும் முன்பே வங்கியிடம் மறுசீரமைப்புக் கேளுங்கள். கடன் ஆலோசனை அமைப்பான ஏகேபிகேயின் ஆலோசகர்களிடம் இலவசமாகப் பேசலாம்.

இனி படிவம். வெள்ளக் கேள்விக்கு இப்படி எழுதுங்கள்: "ஆம். 2017 நவம்பர் 5 அன்று தரைத்தளத்தில் இரண்டரை அடி. அதன்பின் 2019இல் இயந்திரத்துக்கு மூன்றடி மேடை கட்டப்பட்டது. மின்சாரப் பெட்டி மேலே மாற்றப்பட்டது. சரக்கு மாடியில் வைக்கப்படுகிறது. காப்புறுதியில் வெள்ளப் பாதுகாப்பு நடப்பில் உள்ளது. படங்களும் ரசீதும் இணைப்பில்." கடைசிக் கேள்வியான 'என்ன செய்திருக்கிறீர்கள்' என்பதற்கும் இதையே திரும்ப எழுதலாம். சுவர்க் கோடும் மேடையும் ஒரே படத்தில் தெரியும்படி, பக்கத்தில் ஓர் அளவுகோலைச் சாய்த்துவைத்துப் புதிதாக ஒரு படம் எடுத்துச் சேருங்கள். எல்லாவற்றுக்கும் ஒரு நகல் எடுத்து, வங்கி அதைப் பெற்றுக்கொண்ட தேதியும் முத்திரையும் உங்கள் நகலில் வாங்கி, அந்தப் பிஸ்கட் டின்னிலேயே வையுங்கள். டின்னை மாடியில் வையுங்கள்.